தமிழகத்தில் கண்புரை மருத்துவம்

பெரும்பாலும் முதுமையில் கண்ணின் உள்ளிருக்கும் வில்லை ஒளி புகாதவாறு மங்குவதே கண்புரை எனப்படுகிறது. சுசுருத சங்கிதை கூறும் பழைய முறையில், மங்கிய வில்லை ஊசியால் விழியின் உட்புறம் தள்ளப்பட்டதால், ஒளிக்கு வழி பிறந்தபோதிலும் பார்வை தெளிவாகத் திரும்பவில்லை.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண்நோய் மருத்துவத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டு, நோயாளிகளின் கண்களை ஓவியங்களாகத் தீட்டச் செய்து, சிகிச்சைக் குறிப்புகளுடன் பாதுகாத்தார். அதே காலத்தில், 1819இல், சென்னையில் தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை இன்று எழும்பூரில் இயங்குகிறது.

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப்பின் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளித்ததுடன், ஊர்தோறும் முகாம்கள் நடத்தி முதியோரைத் தேடிச் சென்றது. புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தப்படும் செயற்கை வில்லை இறக்குமதியால் விலை மிகுந்திருந்த நிலையில், அரவிந்தின் உற்பத்திப் பிரிவாக 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் அதனை மதுரையிலேயே குறைந்த செலவில் தயாரித்தது.

கண்புரையால் இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்க இயலும் என்பதை நிலைநாட்டிய இவ்வரலாறு, நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது என்பதையும் வலியுறுத்துகிறது.