கண்ணாடி விரியனும் குருதியின் உறைவும்

திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த கழனிகளிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவரங்கத் தீவின் வாழைத் தோட்டங்களிலும் இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் உழவர்க்குக் கண்ணாடி விரியன் புதிதன்று. அது தீண்டினால் குருதி உறைய மறுக்கும்; ஈறுகளிலிருந்து கசியும்; சிறுநீரகம் செயலற்றுப் போதலும் உண்டு. ஆயினும், அந்நஞ்சு குருதியை உறைய வைக்கும் நஞ்சே என்றால் நேயர்கள் வியப்பீர்கள்.

இப்பாம்பின் பெயரோடு பாட்ரிக் ரஸ்ஸல் பெயரை மேலைநாட்டார் இணைத்துவிட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனியில் இயற்கை ஆய்வாளராயிருந்த இந்த ஸ்காட்லாந்து மருத்துவர், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் படங்களுடன் நூல் வெளியிட்டார். பாம்புக் கடிக்கு அந்நாளில் பெயர்பெற்றிருந்த, பாஷாணம் கலந்த 'தஞ்சாவூர் மாத்திரை'யையும் அவர் விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். அதை உண்டு பிழைத்தவர்கள் மருந்தையும் மீறிப் பிழைத்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது!

குருதியில் கரைந்துள்ள பைப்ரினோஜன் என்னும் புரதம் இழையிழையாகத் திரண்டு வலை பின்னுவதே உறைதல். அதனைத் திரளச் செய்வது திராம்பின். திராம்பினைத் தோற்றுவிக்க முன்நிற்பது பத்தாம் காரணி என்னும் புரதம். முக்கொம்பில் திறந்த நீர் வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை எனக் கடந்து வயலை அடைவது போல, ஒன்று மற்றொன்றை எழுப்பும். விரியனின் நஞ்சோ தலைமதகுக்குக் காத்திராது; நடுவாய்க்காலின் கரையை உடைப்பது போலப் பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் நேரே தூண்டிவிடும். உடலெங்கும் வீணே உறைந்து உறைந்து பைப்ரினோஜன் தீர்ந்துபோகும். பிறகு, காயத்தை அடைக்க இழை ஏது?

இதே உடைப்பு வேறு சிலர்க்கு உதவிற்று. ஹீமோபீலியா நோயில் எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி குறைவதால் மேல்மடை அடைபட்டுக் கிடக்கும். 1934-இல் இங்கிலாந்தில் மக்பர்லேன், பார்னெட் என்னும் இருவர், மிகவும் நீர்த்த விரியன் நஞ்சை அந்நோயாளரின் குருதியில் கலந்தனர். அது நொடிக்கணக்கில் உறைந்தது. பல் பிடுங்கிய குழிகளில் அதை ஒற்றிக் குருதியை நிறுத்தினர். பத்தாம் காரணி 1950-களில்தான் கண்டறியப்பட்டது. 1964-இல் மக்பர்லேனே உறைதலின் படிகளை ஓர் அருவியாக வரிசைப்படுத்திக் காட்டினார்.

இன்று கடிபட்டவர் மருத்துவமனையை அடைந்ததும், சிறிது குருதியைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பர். தண்ணீராக ஓடினால் நஞ்சுமுறி மருந்து ஏற்றத் தொடங்குவர். அம்மருந்து செய்வதற்கான நஞ்சை, மாமல்லபுரத்தையடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் விரியனைப் பிடித்துக் கறந்து வழங்கி வந்திருக்கின்றனர்.