மூடியைத் திறந்தால் ‘மலாய்’

1998 கடைசியில், பினாங்கின் கொம்தார் கட்டடத்தில் கணினிச் சாமான் விற்கும் கடையொன்றில், இன்டலின் செலரான் 300ஏ சில்லு ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மலேசியாவில் உறை போட்டது என்பதற்கு அடையாளமாக ‘மலாய்’ என்று அச்சடித்திருந்தது. கொஸ்தா ரிக்கா என்று அச்சடித்ததும் அப்போது விற்பனையில் உண்டு. எது நன்றாக வேகம் பிடிக்கும் என்று உலகமெங்கும் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். வேகம் சில்லை வெட்டியெடுத்த வேஃபரில் இருக்கிறது, உறை போட்ட ஊரில் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ‘மலாய்’தான் வேண்டும் என்று கடைக்காரத் தௌக்கேயிடம் அடம்பிடித்தேன்.

காரணம் அக்கா. எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தீர்வையில்லாத் துறைமுகம் என்ற பினாங்கின் பழைய சலுகை 1969இல் பறிபோனதும் வேலை வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கியது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானியக் கம்பெனிகளைக் கூப்பிட்டுவந்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் வயல்களில் சுதந்திர வணிக வட்டாரம் எழுந்தது. இன்டல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலை அங்கேதான். அக்கா அந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். எது என்று சொல்லப்போவதில்லை. மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை, மூன்று ஷிப்ட். முப்பது வயதுக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டார். தான் ஒட்டியது எதற்குள் போகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஊரில் கணினி அப்போது இரண்டு ரகம்: ‘பிராண்டட்’, ‘குளோன்’. 1990களின் நடுவில் டெல் கம்பெனியும் பினாங்குக்கு வந்துவிட்டது. பகலில் பிராண்டட் பெட்டிக்குத் திருகாணி முடுக்கியவர்கள் மாலையில் கொம்தாருக்கு வந்து மதர்போர்டு, ரேம், கேசிங் என்று தனித்தனியாக விலை பேசி, வீட்டுக்குக் குளோன் கட்டினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியையே வெளியார் பாகங்களை வாங்கித்தான் கோத்தது; மூளை இன்டலின் 8088. மைக்கேல் டெல் 1984இல் டெக்சஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் ஆயிரம் டாலரோடு தொடங்கியதும் ஏறக்குறைய நாங்கள் செய்த தொழில்தான்.

எங்களுக்குப் பணமும் ஒரு காரணம். ஆசிய நிதி நெருக்கடிக்கு முன் டாலருக்கு இரண்டரை மலேசிய வெள்ளி. 1998 செப்டம்பரில் 3.80இல் ஆணியடித்து நிறுத்தினார்கள். விலை ஏறிய நேரத்தில் 300ஏ ஒரு வரம். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினால் 300 என்று விற்ற சில்லு 450இல் ஓடும். போர்டு சம்மதிக்காவிட்டால் பி21 என்ற பின்னின் மேல் துளி செலோடேப் ஒட்டினால் போதும். விலையுயர்ந்த பென்டியம் 2 செய்வதை ஒரு துண்டு டேப் செய்தது!

பிராண்டட் என்றால் பேருக்குக் காசு என்று நினைத்திருந்த எனக்குப் பாடம் பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிடைத்தது. அங்கே துணிக்கடை வைத்திருந்த மாமா, பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பெட்டியை வாங்கியிருந்தார். அதில் பவர் சப்ளை போய்விட்டது. மூடியைத் திறந்தேன். பிராசசர்மேல் தனி விசிறியே இல்லை. பின்புற விசிறியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் நேராக அதன்மேல் கவிந்து, சூட்டை வெளியே உறிஞ்சியது. ஒரு வயர்கூட காற்றின் வழியில் நிற்கவில்லை. என் குளோனில் மூன்று விசிறி அலறியும் மத்தியான வெயிலில் தொங்கிப்போகும். முழுப் பெட்டிக்கும் காற்று எப்படிப் போகும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நாங்கள் பாகம் பாகமாகத்தான் யோசித்தோம்.

அந்த மரியாதையோடு கடைக்குப் போய்ச் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை ஒன்று வாங்கி வந்து செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் புகை. வெளிப் பார்வைக்கு அதே செருகி. உள்ளே வயர்களின் வரிசையை மட்டும் கம்பெனி மாற்றி வைத்திருந்தது. தங்களிடமே மறுபடி வாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. காற்றுக் குழாயை வடிவமைத்தவர் பொறியாளர். இந்தச் செருகியைக் கணக்குப்பிள்ளைதான் வடிவமைத்திருப்பார்.

மாமா திட்டவில்லை, அது இன்னும் மோசம். “சரிப்பா, நீயே ஒண்ணு கட்டிக் கொடு” என்றார். என் ‘மலாய்’ செலரானைக் கழற்றி அவருக்கு வைத்துக் கட்டினேன். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்ததும் தீபாவளித் தள்ளுபடி நோட்டீசைத் தாமே தமிழில் அடித்துக்கொண்டார். ஒருநாள் அக்காவைக் கூட்டிப்போய்ப் பெட்டிக்குள் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இவ்வளவு பெரிய டப்பாவுக்கா?” என்றார். அவ்வளவுதான்.

மாமாவின் பெட்டி 450இல் ஓடியது, ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஓடாது. மாமா அதன் பக்க மூடியைக் கழற்றியவர் திரும்பப் போடவேயில்லை. கடையின் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, தாம் விசிறிமட்டையோடு உட்கார்ந்து கணக்கெழுதினார்.