இறாலின் கண்காம்புக்குள் ஒரு சுரப்பி

வெளிச்சம் கூடும்போது எமது கண்மணி சுருங்குகிறது, இருளில் விரிகிறது. இதை நரம்புகள் இயக்குகின்றன. இறாலுக்கு அப்படியொரு கண்மணி இல்லை. அதன் கூட்டுக்கண் ஏராளமான சிறு கண்ணலகுகளால் ஆனது. அலகுகளைச் சுற்றியுள்ள கரிய நிறப்பொருள் பகலில் உள்நோக்கி இறங்கி, ஓர் அலகின் ஒளி அடுத்ததற்குள் புகாமல் தடுக்கிறது. இரவில் அது மேலேறிவிடும். அப்போது பல அலகுகளினூடாக வரும் ஒளி ஓரிடத்தில் குவிவதால், மங்கிய வெளிச்சத்திலும் பார்வை கிடைக்கிறது.

இந்தத் திரையை இறக்குவது குருதியில் வரும் ஓர் ஓமோன். 1936இல் அமெரிக்க விலங்கியலாளர் லூயிஸ் க்ளைன்ஹோல்ஸ், இருளில் வைத்திருந்த இறால்களுக்குக் கண்காம்புச் சாற்றை ஊசிமூலம் ஏற்றினார். இருளிலேயே நிறப்பொருள் பகல்நிலைக்கு இறங்கியது. அந்த ஓமோன் 18 அமினோ அமிலங்களின் சங்கிலி என்பதை 1976இல் பெர் ஃபெர்ன்லுண்ட் வெளியிட்டார்.

இதைக் குருதியில் விடுவிக்கும் சைனஸ் சுரப்பி ஒவ்வொரு கண்காம்பினுள்ளும் உண்டு. சூலகம் முதிர்வதையும் ஓடு கழற்றுவதையும் தடுக்கும் ஓமோன்களும் அங்கிருந்தே வருகின்றன. அதனால்தான் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை வெட்டியோ நசுக்கியோ விடுகிறார்கள். தடை தளர, முட்டை விரைவில் முதிர்கிறது. புத்தளம் மாவட்டப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டுவரும் புலி இறால், உலகளவில் இம்முறைக்கு உட்படுத்தப்படும் இனங்களில் ஒன்று. அந்த முட்டைகளுக்காகத் தாய் இறால் ஒரு கண்ணையும், உடலை ஒழுங்குபடுத்தும் சுரப்பிகளில் ஒன்றையும் இழக்கிறது.