தடை சொன்னவர் எங்கே போனார்? அரங்கேற்றம் முதல் வெளியீட்டு விழா வரை

நூல் வெளியீட்டு விழாவுக்கு அரங்கேற்றமே முன்னோடி என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். பாதிதான் உண்மை. அரங்கேற்றத்தில் நூலாசிரியர் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். வெளியீட்டு விழாவில் பாராட்டுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர். இடையில் கேள்வி எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் பாண்டியன் அவையையும், நூலைக் கேட்ட அதங்கோட்டாசானையும் குறிக்கிறது. நச்சினார்க்கினியர் உரையில் இதற்கொரு கதை உண்டு. தொல்காப்பியர்மேல் சினங்கொண்ட அகத்தியர், அந்நூலைக் கேட்கக் கூடாது என்கிறார். தொல்காப்பியரோ கேட்டே ஆகவேண்டும் என்கிறார். நடுவில் அகப்பட்ட ஆசான், கேட்பது, ஆனால் குற்றம் சொல்லிக்கொண்டே கேட்பது என்று வழி காண்கிறார். சொன்ன குற்றத்துக்கெல்லாம் விடை வந்துவிடுகிறது. இதை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் அரங்கேற்றம் என்றதும் அந்த உரையாசிரியருக்குத் தடையும் விடையும்தான் நினைவுக்கு வந்தன என்பதற்கு இது நல்ல சான்று.

கந்தபுராணக் கதையும் அப்படியே. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் தொடங்கியதுமே, முதல் செய்யுளின் முதல் தொடரில் உள்ள புணர்ச்சிக்கு விதி கேட்டு ஒருவர் மறித்தாராம். மறுநாள் வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை எடுத்துக் காட்டிய பிறகே நூல் நகர்ந்ததாம். ஒரு சந்திக்காக ஒருநாள் கூட்டம் நின்றது. இன்று ஓர் ஒற்றுப்பிழைக்காக எந்த விழாவும் ஐந்து நிமிடம்கூட நிற்காது.

19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடிய தலபுராணங்கள் பல, உள்ளூர்க் கோயில்களில் ஊரார் முன்னிலையில் அரங்கேறின. செய்யுளைப் படித்துப் பொருள் சொல்லி, முடிவில் சம்மானம் பெறுவது வழக்கம். உ.வே.சாமிநாதையர் எழுதிய அவரது சரித்திரம் இதற்கு முதன்மை ஆதாரம். கவனிக்க வேண்டியது, இங்கே பாடச் சொன்னதும் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களே என்பது. தம் ஊரின் பெருமையைக் கேட்க உட்கார்ந்தவர் எதற்குத் தடை சொல்லப்போகிறார்? அவை ஆராய்வதைவிட்டு மகிழத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கணிப்பு.

1835ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் அச்சகம் நடத்த வழிவிட்டது. புலவர்களின் ஒப்புதல் சாற்றுகவியாக நூலின் முன்பக்கங்களில் அச்சேறியது. எதிர்ப்புக்கும் அச்சே இடமாயிற்று: 1867இல் திருவருட்பா வெளிவந்தபின் மூண்ட சண்டை கண்டன நூல்களாகப் பெருகி, மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. பாராட்டும் மறுப்பும் அச்சுக்குள் போய்விட்டதால், கூட்டத்துக்கு வேலை குறைந்தது.

காலியான அந்த இடத்தை 20ஆம் நூற்றாண்டின் மேடைப்பேச்சு பிடித்துக்கொண்டது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என்ற வரிசை அரசியல் மேடைக்கு உறவு. புலவர் அவைக்கு அல்ல. வண்ணத்தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய நூல்கள் தட்டில் வரும். சிறப்பு விருந்தினர் முடிச்சோடு மல்லுக்கட்டுவார். பிறகு எல்லோரும் அட்டையை மார்புக்கு நேரே பிடித்துப் படமெடுத்துக்கொள்வார்கள். அந்த நேரம்வரை நூலை ஒருவரும் திறந்திருக்க மாட்டார். ஆசிரியர் ஏற்புரைக்கு எழும்போது பின்வரிசை பேருந்துக்குக் கிளம்பியிருக்கும்.

ஈழத்தில் இதே சடங்கு சற்று வேறு. அங்கே வெளியீட்டுரைக்கு அடுத்து நயவுரை அல்லது ஆய்வுரைக்கு என்று தனியாக ஒருவர் இருப்பார். வந்தவர்கள் வரிசையில் போய், உறையில் பணம் வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்குவார்கள். அச்சுக்கூலியில் ஒரு பங்கு அந்த மாலையிலேயே தேறிவிடும். அழைப்பிதழில் ஆய்வுரைக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பதையே, அது எவ்வளவு மென்மையாக அமைந்தாலும், பழைய தடைக்காரரின் மிச்சமாக நான் காண்கிறேன்.

மேடை இல்லாத இடங்களில் கேள்வி பிழைத்துக்கொண்டது. திருநெல்வேலியில் டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியிலும், நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய காகங்கள் கூட்டங்களிலும் பொன்னாடைக்கு வேலையில்லை. வட்டமாக உட்கார்ந்தவர்கள் படித்துவிட்டு வந்தவர்கள். இன்றும் ஊர் நூலகத்து வாசகர் வட்டத்தில் இருபது நாற்காலி போட்டால் பன்னிரண்டு நிறையும். அந்தப் பன்னிரண்டில் ஒருவர், பக்க ஓரத்தில் பென்சில் குறிப்போடு, “இந்த இடம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை சார்” என்று தொடங்குவார். ஆசிரியர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார்.