சாய்வும் தடிப்பும்

சென்ற ஆண்டு அம்மாவின் மாத்திரைகளோடு ஒரு தமிழ்த் துண்டறிக்கையும் வந்தது. லண்டனுக்கு வந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் அவர் வாசிப்பது தமிழில்தான். தாளை விளக்கடியில் பிடித்து, “இதென்ன, இந்த வரி மட்டும் சரிஞ்சு கிடக்கு? கண்ணுக்குப் பிடிபடுதில்லை” என்றார்.

மிக முக்கியமான வரி என்பதால் அதைத் தடித்த சாய்வெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும்படி சொல்லும் வரி. ஆங்கிலத் தாளில் அதே வரி பளிச்சென்று தெரிந்தது. தமிழில் மட்டும் அழுக்குப் படிந்ததுபோல் இருந்தது. கணினியோடு பிழைப்பவன் என்பதால் நடந்தது உடனே புரிந்தது. யாரோ ‘பி’, ‘ஐ’ என்ற இரு பொத்தான்களை அழுத்தியிருக்கிறார்கள். அந்தப் பொத்தான்களுக்குப் பின்னால் இருக்கும் கதையில் பாதி இந்த ஊரில் நடந்தது.

ஐரோப்பிய அச்சில் சாய்வெழுத்து அழுத்தம் காட்டுவதற்காகப் பிறக்கவில்லை. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் சிறிய நூல்களை முழுக்கவே சாய்வெழுத்தில் அச்சிட்டார். பிரான்செஸ்கோ கிரிஃபோ அவருக்காக வெட்டிய எழுத்து, படித்தவர்களின் விரைவான கையெழுத்தைப் பின்பற்றியது. நேரெழுத்தைச் சரித்துப் பெற்றதல்ல. தனியான ஓர் எழுத்து. ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டும் வேலை அதற்குப் பின்னாளில்தான் கிடைத்தது.

முனைகளில் குறுங்கோடுகள் இல்லாத எழுத்தின் கதை வேறு. 1816 அளவில், ஃப்ளீட் தெருவுக்கு அருகே சாலிஸ்பரி சதுக்கத்தில் எழுத்து வார்த்த நாலாம் வில்லியம் காஸ்லன், தம் மாதிரி நூலில் அப்படியொரு எழுத்தைக் காட்டினார். பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1832இல் வின்சன்ட் ஃபிகின்ஸ் அவ்வகைக்கு ‘சான்ஸ் செரிஃப்’ என்று பெயரிட்டார். சுவரொட்டிக்கும் விளம்பரத்துக்கும் வளர்ந்த இந்த எழுத்துக்குக் கையெழுத்து மூதாதை இல்லை. 1916இல் எட்வர்ட் ஜான்ஸ்டன் லண்டன் நிலத்தடி ரயிலுக்கு வரைந்துகொடுத்த எழுத்திலும் சாய்வு வடிவம் கிடையாது. நிலையத்தின் பெயரைச் சரித்து எழுத வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

அப்படியானால் சான்ஸ் செரிஃபைச் சாய்ப்பது எப்படி? 1926இல் ஸ்டான்லி மோரிசன், சாய்வெழுத்து என்பது நேரெழுத்தின் சரிந்த வடிவமாகவே இருக்கலாம் என்று வாதிட்டார். அவர் ஆலோசகராக இருந்த மோனோடைப் நிறுவனம் 1928இல் எரிக் கில்லின் ‘கில் சான்ஸ்’ எழுத்தை வெளியிட்டது. அதன் சாய்வு வடிவம் பெரும்பாலும் மோரிசன் சொன்னபடியே அமைந்தது. ஆனால் சிறிய ‘ஏ’ போன்ற சில எழுத்துகள் கையெழுத்தில் வருவதுபோல் மாறின. சரித்தால் மட்டும் போதாது என்பதை வரைந்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

தடித்த சாய்வு பலரின் கைக்கு எட்டியது 1960களில். லண்டனில் தொடங்கிய லெட்ராசெட் நிறுவனம் 1961இல், தாளில் வைத்துத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகளைக் கொண்டுவந்தது. அச்சுக்கோப்பவர் இல்லாமலே எவரும் தலைப்பை அமைக்கலாம். 1963இல் ஃப்ரெட் லாம்பர்ட் அந்நிறுவனத்துக்காக வரைந்த ‘காம்பாக்டா’ நெருக்கமான, கனமான எழுத்து. அதன் குடும்பத்தில் தடித்த சாய்வும் உண்டு. இந்த வகை எழுத்து வேகத்தைச் சொல்லும், கூவி விற்கும். தள்ளுபடி விற்பனைக்கும் விளையாட்டுச் செய்திக்கும் பொருந்தும். பத்தி பத்தியாக வாசிப்பதற்கு அது வரையப்படவில்லை.

கணினி வந்தபோது வரைபவரின் கை விலகியது. சாய்வு வடிவம் இல்லாத எழுத்துருவில் ‘ஐ’ பொத்தானை அழுத்தினால், மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் உயரத்துக்கேற்ப வலப்பக்கம் தள்ளும். அவ்வளவுதான் கணக்கு. வட்டம் ஒன்றை இப்படித் தள்ளினால் அதன் வலது மேல்பக்கமும் இடது கீழ்பக்கமும் தடிக்கும். எதிர் மூலைகள் மெலியும். வடிவமைப்பாளர் இதைத் திருத்துவார், மென்பொருள் திருத்தாது. ஆங்கிலத்தில் ‘ஓ’ போன்ற சில எழுத்துகளுக்கே இந்தத் தொல்லை. தமிழிலோ திரும்பிய இடமெல்லாம் சுழி. தடிப்பும் சேர்ந்தால் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையிலுள்ள ஒரு சுழி வேறுபாடு அடைபட்டுப் போகிறது, ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

தமிழெழுத்து சாயவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சினிமாச் சுவரொட்டிகளிலும் வார இதழ்க் கதைத் தலைப்புகளிலும் ஓவியர்கள் அதை அழகாகச் சாய்த்திருக்கிறார்கள். சுழியைத் திறந்துவிட்டு, காலை நீட்டி, கண்ணால் அளந்து வரைந்தார்கள். இன்று நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவுக்குத் தனிச் சாய்வு வடிவமே இருக்கிறது. தலைப்புக்கு அப்படி ஒன்றைத் தேடி எடுக்கலாம். மருந்துச் சீட்டுக்கு நேரான எழுத்தே போதும், கொஞ்சம் பெரிதாக.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலம் எழுத்தைச் சாய்த்துக் காட்டும் அழுத்தத்தைத் தமிழ் பெரும்பாலும் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிரிநிலைக்கும் தேற்றத்துக்கும் ஏகாரம் வரும் என்று தொல்காப்பிய இடையியல் சொல்கிறது. நாமும் தினமும் அப்படித்தான் பேசுகிறோம்: ‘நீயே சொன்னாய்’, ‘இன்றைக்குத்தான் வந்தான்’. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டச்சுச் சொல்லிக்கொடுக்கும்போது இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அன்று இரவு அந்த வரியை நானே தட்டச்சு செய்தேன். நேரான எழுத்து, பதினெட்டுப் புள்ளி அளவு: ‘சாப்பிட்ட பிறகே போடவும்.’ அம்மா அதை வாங்கிக் கண்ணாடி போடாமலே வாசித்துவிட்டு, மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒட்டச் சொன்னார்.