லண்டன் நம் மேசைக்கு வந்த கதை: வெளிநாட்டுப் பட்டமும் நம் மலைநாட்டுப் பிள்ளைகளும்

 

உயர்தரப் பெறுபேறு வெளிவந்தால் நம் ஊரில் இரண்டு கேள்விகள் வீட்டுக்கு வீடு சுற்றும். முதலாவது, "இசட் ஸ்கோர் எவ்வளவு?" அது போதாது என்று தெரிந்ததும் அடுத்தது, "வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பிக்கலாமா?" இந்த இரண்டாவது கேள்விக்காக நகை அடகுக்குப் போகிறது, காணி ஈட்டுக்குப் போகிறது. ஆகவே வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிப்பு நம் நாட்டுக்கு எப்படி வந்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று கொஞ்சம் பார்ப்போம். பதிவு நீளம்தான். இந்த வருடம் முடிவெடுக்க வேண்டிய பெற்றோர் பொறுமையாக வாசியுங்கள்.

அந்தக் காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகமே இருக்கவில்லை. பட்டம் வேண்டுமென்றால் கப்பல் ஏற வேண்டும். 1870இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் போனவர்தான் பொன்னம்பலம் அருணாசலம். 1875இல் சிவில் சேவைக்குள் போட்டிப் பரீட்சை மூலம் நுழைந்த முதல் இலங்கையர் என்ற பெயரும் அவருக்கே. அப்படிப்பட்ட புலமைப்பரிசில் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே கிடைத்தது. மற்றவர்கள் போக வேண்டுமானால் குடும்பத்தில் பணம் இருக்க வேண்டும்.

அதே காலத்தில் நம் மலைகளில் என்ன நடந்தது? நக்கிள்ஸ் அடிவாரமெங்கும் கோப்பி. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை. தோட்டத்தில் லயத்து வாழ்க்கை. கடைவீதியில் நம் முன்னோரின் வியாபாரம். அதற்கு முன் மாடுகளில் பொதி ஏற்றிய தவளம். பட்டப்படிப்பு என்ற சொல்லே இந்த மலைக்கு ஏறி வரவில்லை.

முஸ்லிம்களுக்குள் இதைப் பற்றி உரத்துப் பேசியவர் நம் கண்டியிலேயே பிறந்தவர். 1838இல் பிறந்த மர்ஹூம் எம்.சி. சித்திலெப்பை அவர்கள், ஒரு சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் நவீன கல்வியும் வேண்டும் என்று எழுதி வந்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும் சேர, 1892இல் கொழும்பு மருதானையில் உருவான பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரி ஆனது. ஒராபி பாஷா 1901இல் நாடு திரும்புவதற்கு முன் வாழ்ந்த வீடு இன்றும் கண்டியில் நினைவிடமாக இருக்கிறது. பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப் போனால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. தன் கல்லூரிகளில் வந்து படிக்காதவரும் தன் பரீட்சைக்கு அமரலாம் என்று கதவைத் திறந்தது. கொஞ்ச காலத்தில் பரீட்சை கடல் கடந்தும் நடக்கத் தொடங்கியது. எங்கே இருக்கிறீர்கள், யாரிடம் படித்தீர்கள் என்று பல்கலைக்கழகம் கேட்காது. பாடத்திட்டத்தைத் தரும், பரீட்சை வைக்கும். லண்டனில் அமர்ந்தவரை எந்தத் தரத்தில் அளந்ததோ அதே தரத்தில் உங்களையும் அளந்து பட்டம் தரும். இதுதான் 'லண்டன் வெளிவாரிப் பட்டம்'. உலகப் போர்க் காலத்தில் கைதிகள் முகாமுக்குள்ளிருந்து இந்தப் பரீட்சையை எழுதினார்கள். நெல்சன் மண்டேலா ரொபன் தீவுச் சிறையில் இருந்தபடி இதே லண்டன் சட்டப் படிப்பைப் படித்தார்.

நம் நாட்டில் இதன் பலனைப் பெற்றவர்களில் பெரும் பகுதியினர் ஆசிரியர்கள். பகலில் வகுப்பு எடுப்பார்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் தாம் படிப்பார்கள். இங்கிலாந்தின் தபால்வழிக் கல்லூரிகளிலிருந்து குறிப்புகள் கப்பலில் வரும். முதலில் இன்டர்மீடியட், பிறகு இறுதிப் பரீட்சை. கண்டி மாவட்டத்துக் கலகெதரையில் 1890இல் பிறந்த டி.பி. ஜாயா அவர்களும் ஆசிரியராக இருந்துகொண்டே லண்டன் பி.ஏ. பட்டம் பெற்றவர்தான். 1921இல் ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அவர் காலத்தில்தான் அது நாட்டின் முன்னணிப் பாடசாலைகளில் ஒன்றாக எழுந்தது. 1960இல் ஹஜ் கடமைக்காகச் சென்ற இடத்தில் மதீனாவில் காலமானார். ஒரு மலையகத்துப் பிள்ளை, வெளிநாட்டுப் பட்டத்தை உள்நாட்டில் இருந்தே பெற்று, ஒரு சமூகத்தின் கல்வியையே தூக்கி நிறுத்தியதை இங்கே கவனிக்க வேண்டும்.

அதே 1921இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. பெயரில் பல்கலைக்கழகம் இருந்தாலும் அது தானாகப் பட்டம் வழங்கவில்லை. மாணவரை லண்டன் பரீட்சைக்கே தயார் செய்தது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் அங்குதான் வரலாறு படித்து லண்டன் சிறப்புப் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜுக்கும் போனார். 1935இல் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே. அவர் உயர்ந்த பதவியோடு நின்றுவிடவில்லை. வசதியில்லாத பிள்ளைகள் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்பதற்காக 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். திறமை வீட்டுக்கு வீடு இருக்கும், பணம்தான் இருக்காது என்பதைப் புரிந்துகொண்ட வேலை அது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் சொந்தப் பட்டம் வழங்கத் தொடங்கியது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. நம் மலையிலிருந்து இறங்கினால் பல்கலைக்கழகம்! ஆனால் அருகில் இருப்பது வேறு, உள்ளே நுழைவது வேறு. தோட்டப் பாடசாலைகள் பல காலம் அரசாங்கப் பாடசாலை முறைக்கு வெளியே, ஓரிரு வகுப்போடு கிடந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. பிரஜாவுரிமை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு ஏது? கடவுச்சீட்டு இல்லாதவருக்கு வெளிநாட்டுக் கல்வி ஏது? அந்த வழக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முழுமையாகத் தீர்ந்தது. நம் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் கல்வியில் ஏன் பின்தங்கினார்கள் என்று கேட்போர் இந்த 55 வருடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்த திருப்பம் மொழி. 1950களில் இடைநிலைக் கல்வியும், 1960 முதல் பல்கலைக்கழகக் கலைப் பாடங்களும் தாய்மொழிக்கு மாறின. கிராமத்துப் பிள்ளைக்குப் பேராதனை திறந்தது. அதே நேரம் ஆங்கிலம் குறைந்ததால் லண்டன் வெளிவாரிப் பட்டம் என்ற கதவு கிராமத்துக்கு மெல்லச் சாத்தப்பட்டது. ஒரு கதவு திறக்க மறு கதவு மூடியது என்பதுதான் உண்மை.

அப்போது வேறு நாடுகள் கதவைத் திறந்தன. 1960இல் மொஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவருக்கு இலவசக் கல்வி, கைச்செலவுக்கு உதவித்தொகை. எல்லாவற்றையும் விட முக்கியம், முதல் வருடம் முழுவதும் ரஷ்ய மொழியையே கற்பித்தார்கள். ஆங்கிலம் தெரியாததால் லண்டனுக்குப் போக முடியாத பிள்ளை, ரஷ்ய மொழியை அங்கேயே கற்று வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர முடிந்தது. அரபு மொழி தெரிந்த நம் மத்ரஸா மாணவருக்குக் கெய்ரோவின் அல் அஸ்ஹரும், 1961இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் இருந்தன. பின்னர் 1980இல் இஸ்லாமாபாதிலும் 1983இல் மலேசியாவிலும் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகங்கள் வந்தன.

1970களில் உள்நாட்டுக் கதவு இன்னும் இறுகியது. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மாணவர் 229 புள்ளி எடுத்தால் போதும், தமிழ் மொழி மாணவர் 250 எடுக்க வேண்டும் என்று வந்தது. தமிழில் படித்த முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். அப்போதைய கல்வி அமைச்சர், கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த பதியுத்தீன் மஹ்மூத் அவர்கள் என்பதும் வரலாறு. பின்னர் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, அவர்களில் முஸ்லிம்களுக்கும், வாய்ப்புக் கூடியது. இரண்டு பக்கத்தையும் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

இன்று நிலை என்ன? அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டி இல்லை. ஆகவே மடுல்கெல்லப் பிள்ளை கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்கிறது. இங்கே விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியர் தேடுவதே பாடு. அங்கே தெருவுக்குத் தெரு டியூஷன் வகுப்பு. வெளிநாட்டுப் படிப்பு பற்றிய பேச்சு நம் ஊரில் கூடிக்கொண்டே போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்த 150 வருடக் கதையிலிருந்து நாம் எடுக்க வேண்டியது என்ன? ஒவ்வொரு காலத்திலும் மூன்று விஷயங்கள்தான் முடிவு செய்திருக்கின்றன: மொழி, பணம், அங்கீகாரம்.

மொழி: படிக்கும் மொழி ஆங்கிலமா, ரஷ்ய மொழியா, சீன மொழியா? மொழிப் பயிற்சிக்கென்று தனியாக வருடம் உண்டா? சாதாரண தரத்திலிருந்தே ஆங்கிலத்தைப் பலப்படுத்தினால் பாதிக் கதவு தானாகத் திறக்கும்.

பணம்: 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. பிள்ளை அங்கே இரண்டாம் வருடத்தில் இருக்க, இங்கே செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்றைய ரூபாக் கணக்கில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். முழுப் படிப்புக் காலத்துக்கும் கணக்குப் போடுங்கள். இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு. மௌலானா ஆஸாத் பெயரிலும் ஒன்று இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே தனி நிதியம் உண்டு. கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. நேரில் போய்க் கேட்பதற்கு பஸ் காசு மட்டும்தான் செலவு.

அங்கீகாரம்: இதில்தான் பலர் விழுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று காசு கட்டும் முன் விசாரியுங்கள். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவச் சபையிடம் தனியாகக் கேட்க வேண்டும். எந்த உயர்தரப் பெறுபேறு தேவை, எந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறார்கள் என்பதை அவர்களே சொல்வார்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருபவர் இங்கே இன்னொரு பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால்தான் வைத்தியராகலாம். முன்பு 'அக்ட் 16' என்று சொன்னார்களே, அதன் வழியில் வந்ததுதான் இன்றைய பரீட்சையும். ஏஜென்சிக்காரர் சொல்வதை மட்டும் நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜாயா அவர்கள் நடந்த பாதை இன்னும் மூடப்படவில்லை. லண்டன் பல்கலைக்கழகம் இன்றும் தொலைக்கல்வியில் பட்டம் தருகிறது. கட்டணம் பவுணில் என்பதுதான் பாரம். ரூபாவில் அதே வழி வேண்டுமென்றால் 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். திருமணம் முடித்துப் படிப்பை நிறுத்திய நம் சகோதரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி அரிது. கெம்பஸ் கிடைக்கவில்லை என்று வீட்டில் முடங்கும் பிள்ளையிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அஸீஸ் அவர்கள் நாடு முழுவதற்கும் ஒரு நிதியை உருவாக்கினார். நம் ஜமாஅத்துக்கு ஒரு சிறிய கல்வி நிதி முடியாதா? கர்ழன் ஹஸனாவாகக் கொடுப்போம். படித்து வேலைக்குப் போனதும் திருப்பித் தரட்டும், அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். தோட்டத்துப் பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும்; அறிவுக்கு லயம், கடைவீதி என்ற பேதம் கிடையாது. அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் இதைப் பற்றிப் பேசுவோம். வெளிநாட்டில் படித்து வந்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். உங்கள் நான்கு வரி, ஒரு குடும்பத்தின் காணியைக் காப்பாற்றலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.