இணைய வரி விளம்பரம்

நாளிதழ் வரி விளம்பரத்தின் இணைய வடிவம். 1995இல் சான்பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் இதன் முன்னோடி. 2006இல் ஓஎல்எக்ஸ் தளம் வந்தது. இந்தியாவில் இத்தகைய தளங்களில் பழைய பைக், கைப்பேசி, கட்டில், வாடகை வீடு ஆகியவற்றுக்கு மவுசு உண்டு. விற்பவர் மாடல், வாங்கிய ஆண்டு, விலை ஆகியவற்றுடன் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் சேர்க்க வேண்டும். கீறலை மறைத்தால் நேரில் பேரம் முறியும். புதியவர்கள் அதிகம் சிக்குவது கியூஆர் மோசடியில். மோசடிக்காரர்கள் வாங்குபவர்போல் பேசி, கியூஆர் குறியீட்டை அனுப்பி, பெரும்பாலும் ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு, “பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள்” என்பார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ‘பின்’ (PIN) எண் தேவையே இல்லை. அதைக் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். பொருளைப் பார்க்காமல் முன்பணம் தருவதும் ஆபத்து. ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.